மலை நிற்கும், பஸ் நின்றுகொண்டிருக்கும்

கோத்தகிரியில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் ஐந்தாண்டுகளாக வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், வேறொரு விடுதிக்கு அனுப்ப எழுதிய விண்ணப்பத்திலிருந்து நான்கு ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்திருக்கிறார். 'ஐ ஆம் ஹேவிங் ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்', 'ஐ ஆம் நோயிங் தமிழ், படுகா அண்ட் இங்கிலீஷ்', 'ஐ ஆம் ஒர்க்கிங் இன் கோத்தகிரி', 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்பவை அவை. தெரிந்த பெரியவர் ஒருவர் இவற்றைப் படித்துவிட்டு எல்லா 'இங்'கையும் சிவப்பு மையால் அடித்துவிட்டாராம். ஸ்டேட்டிவ் வினை (நிலைவினை), டைனமிக் வினை (இயங்குவினை) என்று இரண்டு உண்டு, ஸ்டேட்டிவ் வினைக்கு 'இங்' வராது, பட்டியலை மனப்பாடம் செய்துகொள் என்றும் சொல்லியிருக்கிறார். 'அப்படியானால் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் ஹேவிங் ப்ரேக்ஃபாஸ்ட் என்கிறார்களே, மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்தில் ஐ ஆம் லவ்விங் இட் என்கிறார்களே, எந்தப் பட்டியலை நம்புவது?' என்பது நண்பரின் கேள்வி. என் காதில் அது பட்டியலைப் பற்றிய கேள்வியாக விழவில்லை. ஒரே வினைச்சொல் ஓரிடத்தில் 'இங்'கை ஏற்று இன்னோரிடத்தில் ஏற்காமல் போவது எதனால், அதைத் தமிழ் பேசுகிற ஒருவர் எப்படி முன்கூட்டியே உணர்ந்துகொள்வது என்றுதான் அவர் கேட்கிறார்.

நான் குன்னூரில் இருபத்தேழு ஆண்டுகள் பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்தியவன். அதில் முதல் பத்து ஆண்டுகள் நானும் நாற்பது சொற்கள் கொண்ட பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொன்னவன்தான். ஆகவே அந்தப் பெரியவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் பட்டியல் தேர்வுக்கு முந்தின இரவுக்கு உதவுமே தவிர, வாக்கியம் எழுத உதவாது. ஏனென்றால் நிலையைச் சொல்வதும் இயக்கத்தைச் சொல்வதும் வினைச்சொல்லோடு பிறந்த குணம் அன்று. பெரும்பாலும் அந்தச் சொல்லை அந்த வாக்கியத்தில் எந்தப் பொருளில் எடுத்து ஆளுகிறோம் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. இந்த ஒன்றைச் சந்தேகமில்லாமல் சொல்லலாம். இனிச் சொல்லப்போகிறவற்றில் சில இதே அளவு உறுதியானவை, சில என் அனுபவத்தில் பலித்தவை மட்டுமே. எது எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நான் பட்ட அவமானம் ஒன்றைச் சொன்னால் விஷயம் எளிதில் பிடிபடும். படிப்பு முடித்து நான் போன முதல் நேர்முகத் தேர்வில், எந்த ஊர் என்று கேட்டதற்கு, 'ஐ ஆம் பிலாங்கிங் டு எ வில்லேஜ் நியர் கோத்தகிரி' என்றேன். எதிரில் இருந்த முதியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, 'அன்டில் வென்?' என்றார். எதுவரைக்கும் என்று கேட்கிறார். எனக்கு அப்போது புரியவில்லை. பஸ்ஸில் ஊர் திரும்பும்போதுதான் உறைத்தது. ஆங்கிலத்தில் 'ஆம்', 'இஸ்', 'ஆர்' என்பவற்றோடு 'இங்' சேர்ந்து வரும் தொடர்வடிவம், ஒரு செயல் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்வதோடு நிற்பதில்லை. அதற்கு ஒரு தொடக்கம் இருந்தது, இப்போது நடுவில் இருக்கிறோம், ஒரு முடிவும் வரும் என்ற எண்ணத்தையும் கேட்பவர் மனத்தில் எழுப்பிவிடுகிறது. ஊரைச் சேர்ந்தவனாக இருப்பதற்கு நடு ஏது, முடிவு ஏது? அதனால்தான் அவர் 'எதுவரைக்கும்' என்று கேட்டார்.

நிலைவினைக்கும் இயங்குவினைக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் இதுதான். தெரிந்திருத்தல், சொந்தமாயிருத்தல், நம்புதல், ஒத்திருத்தல் போன்ற நிலைகளைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்ட முடியாது. காலை பத்து மணிக்குத் தமிழ் தெரிந்த ஒருவருக்குப் பத்து மணி ஒரு நிமிடத்திலும் அதே தமிழ் அதே அளவில்தான் தெரியும். அந்த ஒரு நிமிடத்தில் எதுவும் 'நடக்கவில்லை'. கொழுந்து பறிப்பதை எடுத்துக்கொண்டால் அப்படி இல்லை. கை போகிறது, கிள்ளுகிறது, கூடைக்குள் போடுகிறது, மறுபடி போகிறது. கட்டங்கள் இருக்கின்றன, ஆள் ஏதோ செய்கிறார், எந்தக் கணத்திலும் நிறுத்திக்கொள்ள முடியும். இந்தப் பாகுபாடு இலக்கணப் புத்தகக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததும் அன்று. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே முடிவை நோக்கிப் போகிற செயலும் அப்படிப் போகாததும் வேறு வேறு என்ற சிந்தனை இருந்துவந்திருக்கிறது. 1957இல் ஸீனோ வெண்ட்லர் என்ற மெய்யியலாளர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மொழியியலில் நான்கு வகை சொல்வது வழக்கமாயிற்று: நிலை, நடப்பதுபோல முடிவு குறிக்காத செயல், வீடு கட்டுவதுபோல முடிவை நோக்கிய செயல், உச்சியை எட்டுவதுபோல ஒரு கணத்தில் நிகழ்ந்துவிடுவது. விண்ணப்பம் எழுதுவதற்கு இந்த நான்கும் வேண்டியதில்லை, முதல் வகையைப் பிரித்தறிந்தால் போதும்.

பிரித்தறிய மிக நம்பகமான சோதனை என்று நான் சொல்வது, 'இங்' இல்லாத சாதாரண நிகழ்காலத்தில் அந்த வினையைப் போட்டுப் பார்ப்பதுதான். 'ஐ டிரிங்க் டீ' என்றால் இப்போது என் கையில் டீ இருக்கிறது என்று பொருள் இல்லை; நான் டீ குடிக்கும் வழக்கமுள்ளவன் என்று பொருள். தமிழில் இதைத்தான் 'நான் டீ குடிப்பேன், காபி குடிக்கமாட்டேன்' என்கிறோம். ஆனால் 'ஐ வான்ட் டீ' என்றால் வழக்கம் இல்லை, இந்த நொடியில் எனக்கு வேண்டும் என்று பொருள். சாதாரண நிகழ்காலத்தில் சொன்னபோது 'வழக்கமாக' என்ற பொருள் தானாக ஒட்டிக்கொண்டால் அது இயங்குவினை; 'இப்போதே' என்ற பொருள் கிடைத்துவிட்டால் அது நிலைவினை. நிலைவினைக்கு 'இங்' தேவைப்படாததன் காரணமும் இதிலேயே இருக்கிறது: அது இல்லாமலேயே 'இப்போது' கிடைத்துவிடுகிறதே, பிறகு எதற்கு? இன்னொரு சோதனை, ஏவிப் பார்ப்பது. 'கொழுந்து பறி' என்று ஏவலாம். ஒருவரைப் பார்த்து 'தமிழ் தெரி' என்று ஏவ முடியுமா? முடியாது, 'தெரிந்துகொள்' என்றுதான் சொல்ல வேண்டும். 'கொள்' சேர்ந்தவுடன் நிலை செயலாகிவிடுகிறது. ஆங்கிலமும் அந்த இடத்தில் தெரியும் என்னும் பொருளுள்ள 'நோ'வை அப்படியே விடாமல் 'லேர்ன்' என்றோ 'கெட் டு நோ' என்றோ மாற்றிக்கொள்கிறது.

இந்த இடத்தில்தான் நம் மொழி நமக்குக் கைகொடுக்கிறது என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது. கோடநாடு காட்சிமுனையில் நின்றுகொண்டு 'ரங்கசாமி மலை தெரிகிறது' என்கிறோம். 'எனக்கு ரங்கசாமி மலையைத் தெரியும்' என்றும் சொல்கிறோம். ஒரே வினை. மூடுபனி விலகியதால் இப்போது கண்ணுக்குப் படுவது 'தெரிகிறது'. பனி மூடினாலும் போகாத அறிவு 'தெரியும்'. 'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கும், படம் பார்த்துவிட்டு வெளியே வந்து 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பள்ளிக்கூடமும் நமக்குச் சொல்லித் தரவில்லை, ஆனாலும் ஒருநாளும் மாற்றிச் சொல்வதில்லை. தொல்காப்பியம் வினையியலில், மூன்று காலத்துக்கும் பொதுவான இயற்கையைச் 'செய்யும்' என்னும் வாய்பாட்டுச் சொல்லால் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அதற்கு உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டு 'மலை நிற்கும்' என்பது. மலைநாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும், ஏனென்றால் ஆங்கிலமும் இதையேதான் சொல்கிறது. 'தொட்டபெட்டா ஸ்டாண்ட்ஸ் அட் 2,637 மீட்டர்ஸ்' என்பார்களே தவிர 'இஸ் ஸ்டாண்டிங்' என்று எழுதமாட்டார்கள். அப்படி எழுதினால் மலை கால் கடுத்துக் கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்துவிடும்போலத் தோன்றும். மலையடிவாரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மட்டும் 'இஸ் ஸ்டாண்டிங்'.

இதிலிருந்து நான் வகுப்பில் பயன்படுத்திய ஒரு கைவிதி உண்டு. தமிழில் அந்த வாக்கியம் 'நான்' என்று தொடங்குகிறதா, 'எனக்கு' என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது, எனக்கு நினைவிருக்கிறது என்று 'கு' உருபு ஏற்று வருபவை எல்லாம் ஆங்கிலத்தில் பெரும்பாலும் நிலைவினைகளாகவே இருக்கும். மிக அழகான சான்று கேட்டல். இரவில் சோலைப் பக்கமிருந்து காட்டெருமை கனைக்கும் ஒலி 'எனக்குக் கேட்கிறது'. அங்கே ஆங்கிலத்தில் 'ஹியர்', அதற்கு 'இங்' வழக்கமாக வராது, 'கேன் ஹியர்' என்பதே இயல்பு. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு 'நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றால் அது 'லிசன்', அதற்கு 'இங்' தாராளமாக வரும். 'நினைக்கிறேன்' என்பதற்கும் 'யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கும் ஆங்கிலத்தில் 'திங்க்' என்ற ஒரே சொல்தான். மழை வரும் என்று நினைக்கிறேன் என்பது 'ஐ திங்க்'. வேலையை விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பது 'ஐ ஆம் திங்கிங்'.

ஆனால் இது கைவிதிதான், விதி அன்று. இரண்டு பக்கமும் இது ஒழுகும். ஏற்றத்தில் நடந்தால் 'எனக்கு வியர்க்கிறது', ஆங்கிலத்தில் கூசாமல் 'ஐ ஆம் ஸ்வெட்டிங்' என்கிறார்கள். உடம்பில் நடப்பவை, வலி, குளிர் போன்றவை, தமிழில் 'எனக்கு' கேட்டாலும் ஆங்கிலத்தில் 'இங்' ஏற்கும் அல்லது இரண்டையும் ஏற்கும். மறுபக்கம், 'நான் நம்புகிறேன்', 'நான் வெறுக்கிறேன்' என்று 'நான்' போட்டுச் சொல்பவை ஆங்கிலத்தில் நிலைவினைகள். பத்தில் ஏழெட்டு முறை சரியாக வரும் ஒரு கைத்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நண்பரே, உங்களைப் படுத்தும் 'ஹேவ்'. ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் தமிழின் பல சொற்களுக்குப் பதிலாக நிற்கிறது. வீடு இருக்கிறது, இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள், ஐந்தாண்டு அனுபவம் இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது என்று தமிழில் 'இரு' வரும் இடத்தில் அது நிலை. அங்கே 'ஐ ஹேவ்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சாப்பிடுவது, குளிப்பது, கூட்டம் நடத்துவது, விருந்து வைப்பது என்று ஆள் ஏதேனும் செய்யும் இடத்தில் அதே 'ஹேவ்' இயங்குவினை. 'ஹேவிங் ப்ரேக்ஃபாஸ்ட்', 'ஹேவிங் எ பாத்', 'ஹேவிங் எ மீட்டிங்' எல்லாமே சரி. நீங்கள் விடுதியில் வேலை செய்பவர் என்பதால் தினமும் வரக்கூடிய ஒரு ஜோடியைச் சொல்கிறேன். விருந்தினரிடம் 'வி ஆர் ஹேவிங் டூ ரூம்ஸ் வித் வேலி வியூ' என்று சொல்லக்கூடாது, 'வி ஹேவ்' போதும். அதே விருந்தினர் எங்கே என்று இன்னொருவர் கேட்டால் 'ஹி இஸ் ஹேவிங் லஞ்ச்' என்றுதான் சொல்ல வேண்டும். இந்த 'இரு' சோதனையும் ஓரிடத்தில் ஏமாற்றும். சிரமம் இருக்கிறது என்பதை ஆங்கிலேயர் 'ஹேவிங் டிரபிள்' என்று தயங்காமல் சொல்வார்கள். அந்தச் சிரமத்தை ஒரு நிலையாகப் பார்க்காமல், இப்போது பட்டுக்கொண்டிருக்கும் பாடாக அவர்கள் பார்க்கிறார்கள் என்பதே நான் சொல்லக்கூடிய விளக்கம்.

சுவை, மணம், எடை பற்றிய வினைகளை விளக்க எனக்குத் தேயிலையைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. குன்னூரில் ஏலத்துக்குப் போகும் தேயிலையை ருசி பார்ப்பவர்கள் வேலை செய்வதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். நீண்ட மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் பால் கலக்காத சாறு, பக்கத்தில் மூடியின் மேல் வெந்த இலை. அவர் ஒரு கரண்டி எடுத்து, வகுப்பில் பிள்ளைகள் செய்தால் அதட்டுவோமே அப்படிப்பட்ட சத்தத்துடன் உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, பக்கத்தில் தள்ளிக்கொண்டு வரும் தொட்டியில் துப்பிவிட்டு, ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போகிறார். அவர் செய்வது 'ஹி இஸ் டேஸ்டிங் த டீ'. அவர் வாயிலிருந்து வரும் முடிவு 'இட் டேஸ்ட்ஸ் ப்ரிஸ்க்'. 'டீ இஸ் டேஸ்டிங்' என்று டீயை எழுவாயாக்கிவிட்டால் டீயே கரண்டி எடுத்து ருசி பார்ப்பதுபோல ஆகிவிடும். தமிழ் இந்தக் குழப்பத்துக்கு இடமே வைக்கவில்லை. 'ருசி பார்க்கிறார்' ஒன்று, 'ருசியாக இருக்கிறது' இன்னொன்று. எடையும் அப்படியே. எங்கள் அப்பா கொண்டுபோகும் பச்சைத் தேயிலை மூட்டையைத் தொங்கு தராசில் மாட்டி முள் நிற்கும்வரை ஏஜெண்ட் பார்த்துக்கொண்டிருப்பார். மழை நாளில் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்தும் எழுதுவார். ஏஜெண்ட் 'இஸ் வெயிங் த பேக்'. மூட்டை 'வெய்ஸ் 28 கிலோஸ்'. கழித்த இரண்டு கிலோவைப் பற்றி எங்களுக்கு இருந்த வருத்தம் இலக்கணத்தில் அடங்காது.

'இருத்தல்' என்ற பொருளுள்ள 'பி' என்ற வினையே 'பீயிங்' ஆகி வரும் இடம் பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்தால் ஆங்கிலம் எவ்வளவு நுட்பமானது என்பது புரியும். 'ஹி இஸ் பொலைட்' என்றால் அந்த ஆள் இயல்பிலேயே மரியாதையானவர். 'ஹி இஸ் பீயிங் பொலைட்' என்றால் இப்போதைக்கு மரியாதையாக நடந்துகொள்கிறார், உள்ளே என்ன இருக்கிறதோ என்று பொருள். வாடகையைக் குறைக்கச் சொல்லி வரவேற்பு மேசையில் மல்லுக்கு நிற்கும் விருந்தினரைப் பற்றி மேலாளரிடம் சொல்லும்போது 'ஹி இஸ் பீயிங் டிஃபிகல்ட்' என்றால் அந்த நேரத்து நடத்தையை மட்டும் சொல்கிறீர்கள். 'ஹி இஸ் டிஃபிகல்ட்' என்றால் ஆளின் குணத்துக்கே முத்திரை குத்திவிடுகிறீர்கள். தமிழில் 'நடந்துகொள்' என்பதைப் பொருத்திப் பார்த்தால் போதும். மரியாதையாக நடந்துகொள்ளலாம், குழந்தைத்தனமாக நடந்துகொள்ளலாம். உயரமாக நடந்துகொள்ள முடியாது, ஆகவே 'பீயிங் டால்' கிடையாது.

தமிழ் நம்மைக் கவிழ்க்கும் இடங்களையும் மறைக்கக்கூடாது. ஊட்டிக் குளிரில் 'ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்' என்கிறோம். அதை அப்படியே பெயர்த்து 'ஐ ஹேவ் வோர்ன் எ ஸ்வெட்டர்' என்று எழுதாத மாணவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்துக்கு அது 'ஐ ஆம் வேரிங்'. 'உட்கார்ந்திருக்கிறேன்' என்பதும் 'ஐ ஹேவ் சேட்' ஆகாது, 'ஐ ஆம் சிட்டிங்' தான். நாம் உடுத்தியதையும் உட்கார்ந்ததையும் ஒரு செயல் முடிந்தபின் நீடிக்கும் நிலையாகப் பார்க்கிறோம். ஆங்கிலம் அவற்றைத் தற்காலிகமாகத் தொடர்பவையாகப் பார்க்கிறது, கழற்றினால் போயிற்று, எழுந்தால் போயிற்று. இதைவிட மோசமானது 'நில்'. தமிழில் ஓடுகிற பஸ் ஓய்வதும் 'நில்', ஓய்ந்தபின் அங்கேயே இருப்பதும் 'நில்'. மார்க்கெட் பக்கம் பஸ் நின்றுகொண்டிருக்கிறது என்பதை ஒரு பையன் 'த பஸ் இஸ் ஸ்டாப்பிங்' என்று எழுதினான். ஆங்கிலத்தில் அதற்கு பஸ் வேகம் குறைகிறது, இன்னும் நிற்கவில்லை என்று பொருள். அதை நம்பி நிதானமாக நடந்து வருகிறவருக்குப் பஸ் கிடைக்காது.

'ஐ ஆம் ஹேவிங்' நம் வாயில் ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது என்பதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'வருகிறேன்' என்ற ஒரே வடிவம் நமக்கு 'ஐ கம்' என்பதற்கும் 'ஐ ஆம் கமிங்' என்பதற்கும் பயன்படுகிறது, 'கிறு' என்ற இடைநிலை இரண்டையும் சுமக்கிறது. பள்ளியில் 'கொண்டிருக்கிறேன்' என்று வந்தால் 'இங்' போடு என்று பழக்குகிறோம். அந்தப் பழக்கத்தில் 'இருக்கிறது' என்ற ஒலி காதில் விழுந்தாலே கை 'இங்'கைத் தேடுகிறது. 'வீடு இருக்கிறது' என்பதிலும் 'இருக்கிறது' இருக்கிறதே. ஆனால் தமிழை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. இந்தி பேசுகிறவர்களும் இப்படியே சொல்கிறார்கள். இந்தியாவுக்கு வெளியே ஆங்கிலத்தை இரண்டாவது மொழியாகப் பயிலும் வேறு நாடுகளிலும் இது கேட்கிறது. அது பிழையா, இந்திய ஆங்கிலத்தின் இயல்பா என்ற வாதத்தில் என் பக்கம் இது: வரவேற்பு மேசையில் பேசும்போது யாருக்கும் புரியாமல் போகாது, அதற்காக வாய் திறக்கத் தயங்க வேண்டாம், விண்ணப்பத்திலும் தேர்விலும் மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஏனென்றால் அங்கே படிப்பவர் உங்களைப் பார்ப்பதில்லை, அந்த வரியை மட்டும்தான் பார்க்கிறார்.

மெக்டொனால்ட்ஸ் 2003இல் கொண்டுவந்த அந்த விளம்பர வரிக்கு வருகிறேன். 'லவ்' நிலைவினைதான், 'ஐ லவ் மை மதர்' என்பதில் யாரும் 'இங்' போடமாட்டார்கள். விளம்பரம் சொல்ல வந்தது நிலையான அன்பை இல்லை, வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும் இந்தக் கணத்தின் இன்பத்தை. கிட்டத்தட்ட நம் 'பிடித்திருக்கிறது'. நிலைவினையை வேண்டுமென்றே இயங்கவைத்ததால்தான் அது காதில் நிற்கிறது. இங்கிருந்து தொடங்குவது சாம்பல் நிறப் பகுதி. 'யூ லுக் டயர்ட்', 'யூ ஆர் லுக்கிங் டயர்ட்' இரண்டும் சரி. 'ஐ ஃபீல் கோல்ட்', 'ஐ ஆம் ஃபீலிங் கோல்ட்' இரண்டும் சரி. 'ஐ லிவ் இன் குன்னூர்' என்றால் அதுவே என் ஊர். 'ஐ ஆம் லிவிங் இன் குன்னூர்' என்றால் இப்போதைக்கு இங்கே, நாளை கோவைக்குப் போனாலும் போவேன். 'புரிந்துகொள்' என்ற பொருளில் வரும் 'அண்டர்ஸ்டாண்ட்' கூட, நாளுக்கு நாள் கூடுதலாகப் புரிந்துவருகிறது என்று வளர்ச்சியைச் சொல்லும்போது 'இங்' ஏற்கும். எல்லைக்கோடு நகர்ந்துகொண்டும் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் புத்தகமும் கையுமாக வரும் இளவரசனிடம் பொலோனியஸ், என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை 'வாட் டூ யூ ரீட்' என்றே கேட்கிறார். இன்று அப்படிக் கேட்டால் வழக்கமாக என்ன படிப்பீர்கள் என்று பொருளாகிவிடும். நானூறு ஆண்டுகளில் 'இங்' இவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கும்போது இன்றைய எல்லை நாளையும் இப்படியே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

கேட்காவிட்டாலும் ஒன்றைச் சேர்க்கிறேன், விண்ணப்பத்தில் வரக்கூடும் என்பதால். பத்து ஆண்டுகளாக அவரைத் தெரியும் என்பதற்கு 'ஐ ஆம் நோயிங் ஹிம்' மட்டுமன்று, 'ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்' என்பதும் ஆகாது. 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்' என்பதே சரி. பத்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன் என்பதற்கு 'ஹேவ் பீன் ஒர்க்கிங்' சரி, ஏனென்றால் வேலை இயங்குகிறது.

உங்கள் நான்கு வாக்கியங்களில் முதலாவதை 'ஐ ஹேவ் ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்று மாற்றுங்கள். எழுத்தில் 'இயர்ஸ்' என்ற சொல்லின் இறுதியில் அபாஸ்ட்ரஃபி என்ற மேற்குறியைப் போட மறக்க வேண்டாம். இரண்டாவதில் 'ஐ நோ' இலக்கணப்படி சரிதான், ஆனால் மொழிகளைப் பொறுத்தவரை 'ஐ ஸ்பீக் தமிழ், படுகா அண்ட் இங்கிலீஷ்' என்பதே அவர்கள் வழக்கு. 'ஸ்பீக்' இயங்குவினையாயிற்றே, 'ஸ்பீக்கிங்' வேண்டாமா என்றால், மேலே டீக்குச் சொன்னதுபோலச் சாதாரண நிகழ்காலத்தில் அது வழக்கத்தையும் திறனையும் சொல்லிவிடுகிறது. மூன்றாவதை அந்தப் பெரியவர் அடித்தது தவறு. வேறு வேலை தேடும் ஒருவர் 'ஐ ஆம் ஒர்க்கிங் இன் கோத்தகிரி' என்று எழுதும்போது, இப்போதைக்கு இங்கே என்ற தொனி உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. நான்காவதில் 'லுக் ஃபார்வர்ட்' என்பதை 'இங்' போட்டும் போடாமலும் எழுதலாம். போடாவிட்டால் சற்று விறைப்பாக, அலுவலகத் தோரணையில் இருக்கும், போட்டால் கொஞ்சம் நெருக்கம் தொனிக்கும், விடுதிக்கு எழுதுவதால் நானாக இருந்தால் விறைப்பானதையே வைப்பேன். ஆனால் அதன் பின்னால் வரும் 'ஹியரிங்'கை மட்டும் அடிக்கவிடாதீர்கள். 'ஹியர்' நிலைவினை என்பது உண்மை, எனினும் அதற்கு நேர் முன்னால் 'ஆம்', 'இஸ்' எதுவும் இல்லை, 'டு'தான் இருக்கிறது. அது தொடர்வடிவமே அன்று, நம் 'கேட்டல்' என்பதைப் போன்ற தொழிற்பெயர். தொழிற்பெயராக வரும் 'இங்' எந்த நிலைவினைக்கும் பொருந்தும், நீங்கள் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும் அந்த 'நோயிங்' உட்பட: 'நோயிங் படுகா ஹெல்ப்ஸ் மீ இன் மை ஒர்க்' என்று ஒரு வரி சேர்த்தால் அதைத் திருத்த யாருக்கும் சிவப்பு மை தேவைப்படாது.